தோற்றவரும் ஏற்கும் தீர்ப்பு

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் உள்ள ஃபார்கோ நகரில் 2021 மார்ச் 27 அன்று இரு பல்கலைக்கழக அணிகள் ஐஸ் ஹாக்கி ஆடின. வென்ற அணி தேசியத் தொடரின் அரையிறுதிக்குப் போகும். தோற்ற அணிக்கு அந்த ஆண்டு அத்துடன் முடிந்துவிடும். வழக்கமான 60 நிமிட ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடங்களுக்குள் இரண்டு கோல் அடித்து வடக்கு டகோட்டா அணி சமன் செய்தது. முதல் கூடுதல் நேரத்தில் மினசோட்டா துலூத் அணி கோல் அடித்தது. வென்றுவிட்டதாகவே வீரர்கள் நினைத்தனர். ஆனால், காணொளி மறுஆய்வில் அது ஆஃப்சைடு என்று தெரியவந்து, கோல் ரத்து செய்யப்பட்டது. ஆட்டம் தொடர்ந்தது. ஐந்தாவது கூடுதல் நேரத்தில், மொத்தம் 142 நிமிடம் 13 விநாடி ஆடிய பிறகு, அதே துலூத் அணி 3-2 என்ற கணக்கில் வென்றது. அமெரிக்கத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. நடத்தும் ஹாக்கித் தொடரின் வரலாற்றில் மிக நீண்ட ஆட்டம் அதுதான்.

முன்னரே வென்றுவிட்டதாக நினைத்த அணிதான் இறுதியிலும் வென்றது. அப்படியானால், களைத்துப்போன மாணவர்களை மேலும் 62 நிமிடங்களுக்குக் குறையாமல் ஆட வைத்ததைத் தவிர அந்த மறுஆய்வு எதைச் சாதித்தது? செலவையும் பயனையும் எடைபோட்டுப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தே பணிக்காலத்தைக் கழித்தவன் என்பதால், எனக்கு முதலில் எழுந்த கேள்வி இதுதான். இதற்கு விடை தேடினால், காணொளி மறுஆய்வைப் பற்றி நாம் பொதுவாக நினைத்துக்கொண்டிருப்பது சரியா என்ற இன்னொரு கேள்விக்கும் விடை கிடைக்கிறது.

ஒரே ஒரு வாய்ப்பு: நமக்கு ஹாக்கி என்றால் தரையில் பந்தை வைத்து ஆடுவது. அமெரிக்காவின் வட மாநிலங்களில் ஹாக்கி என்றால் பனித்தளம். பந்துக்குப் பதில் 'பக்' எனப்படும் தட்டையான கறுப்பு ரப்பர் வில்லை. வருகைதரு பேராசிரியராக ஓராண்டு மினசோட்டாவில் இருந்த காலத்தில் இந்த ஆட்டத்தைப் பார்க்கப் பழகினேன். கல்லூரி ஹாக்கியை அங்கே யாரும் பொழுதுபோக்காக மட்டும் கருதுவதில்லை. கடுங்குளிரில் ஊர் முழுவதும் அரங்கில் கூடும் சந்தர்ப்பம் அது.

தொழில்முறை ஹாக்கியான என்.எச்.எல். தொடரில் நாக்-அவுட் சுற்று ஒவ்வொன்றும் ஏழு ஆட்டங்கள் வரை நீளும். நான்கில் வெல்பவர் முன்னேறுவார். ஓர் ஆட்டத்தில் நடுவர் செய்த பிழை அடுத்த ஆட்டத்தில் ஈடாகிவிடலாம். புள்ளியியலில் பெரிய எண்களின் விதி என்று சொல்வோமே, அதன் சிறு நிழல் அங்கே உண்டு. கல்லூரித் தொடரில் 16 அணிகள் ஆடுகின்றன. ஒரே தோல்வியில் வெளியேற்றம். ஒரு மாணவருக்குக் கல்லூரிக் களத்தில் கிடைப்பது பெரும்பாலும் நான்கு பருவங்கள்தான். அவர்களில் பலர் பிறகு தொழில்முறை வீரராவதும் இல்லை. தவறாக அனுமதிக்கப்பட்ட ஒரு கோல், இறுதியாண்டு மாணவர் ஒருவரின் விளையாட்டு வாழ்க்கையின் கடைசி நிமிடமாகிவிடலாம். இழப்பு ஈடாவதற்கு இங்கே அடுத்த ஆட்டம் என்று ஒன்று இல்லை. பிழை திருத்தும் ஏற்பாடு எங்கேனும் மிகத் தேவை என்றால், அது இங்கேதான்.

காமிராவின் எல்லை: காமிரா பொய் சொல்லாது என்பார்கள். ஆனால், காமிரா எல்லாவற்றையும் பார்ப்பதும் இல்லை. விநாடிக்கு 30 படங்கள் எடுக்கும் காமிராவை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 108 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் பாயும் பக், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் ஒரு மீட்டர் கடந்துவிடும். 60 படங்கள் எடுக்கும் காமிராவிலும் அரை மீட்டர் இடைவெளி இருக்கும். விநாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் சறுக்கும் வீரர், 30 படக் காமிராவில் இரு படங்களுக்கு நடுவே 33 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பார்.

ஆஃப்சைடைத் தீர்மானிக்கும் நீலக் கோட்டின் அகலமே சுமார் 30 சென்டிமீட்டர்தான். தாக்கும் அணியின் வீரர் அந்தக் கோட்டைக் கடப்பதற்கு முன் பக் கடந்திருக்க வேண்டும் என்பது விதி. நாம் பார்க்க விரும்பும் கணம் இரு படங்களுக்கு நடுவே விழுந்துவிட்டால், எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் அது கிடைக்காது. கோல்கீப்பரின் காலுறைக்கு அடியில் பக் மறைந்துவிட்டால், அது கோட்டைத் தாண்டியதா என்பதை எந்தக் கோணமும் காட்டாது.

இன்னொரு விதியையும் சொல்ல வேண்டும். பக் நடுவரின் பார்வையிலிருந்து மறைந்தால் அவர் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். ஆட்டம் நின்றதாகக் கொள்ளப்படுவது விசில் ஒலித்த கணத்தில் அல்ல; ஊத வேண்டும் என்று நடுவர் முடிவெடுத்த கணத்தில். எண்ணத்துக்கும் ஒலிக்கும் இடைப்பட்ட நொடியில் பக் வலைக்குள் போனால் கோல் இல்லை. நடுவரின் மனத்துக்குள் காமிரா வைக்க யாராலும் முடியாது. ஆக, மனிதத் தீர்மானத்தைக் காணொளி ஒழித்துவிடவில்லை; அதை வேறோர் இடத்துக்கு மாற்றியிருக்கிறது.

தவறுகள் இரு வகை: புள்ளியியல் வகுப்பில் முதல் வாரமே சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு. செல்லாத கோலைச் செல்லும் என்பது ஒரு தவறு. செல்லும் கோலைச் செல்லாது என்பது இன்னொரு தவறு. சான்று அதே அளவில் இருக்கும்போது ஒன்றைக் குறைக்க முயன்றால் மற்றொன்று கூடும். எனவே, எந்தத் தவறை எவ்வளவு பொறுத்துக்கொள்வது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். ஐஸ் ஹாக்கி கண்ட வழி, தெளிவான சான்று இருந்தால் மட்டுமே களத் தீர்ப்பை மாற்றுவது. சந்தேகத்தின் பலன் களத் தீர்ப்புக்கே போகும்.

இதனால் விசித்திரமான ஒரு விளைவு ஏற்படுகிறது. ஒரே நிகழ்வு, ஒரே காணொளி. களத்தில் நடுவர் கோல் என்று கை காட்டியிருந்தால் கோல் நிலைக்கும். கோல் இல்லை என்று காட்டியிருந்தால் அதுவும் நிலைக்கும். கிரிக்கெட் ரசிகர்களுக்கு இது புதிதல்ல. டி.ஆர்.எஸ். முறையில் 'அம்பயர்ஸ் கால்' என்று திரையில் வரும்போது, ஒரே பந்துக்கு ஒருவர் அவுட், இன்னொருவர் நாட் அவுட் ஆவதைப் பார்த்துப் புலம்பியிருக்கிறோம். ஆயினும், இது அநீதி அல்ல என்பதே என் கருத்து. சான்று போதாத இடத்தில் யாரோ ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும். அருகில் நின்று பார்த்தவரின் முடிவை நிலைநிறுத்துவது நியாயமான ஏற்பாடு. 'தீர்ப்பு உறுதிசெய்யப்பட்டது' என்பதும் 'மாற்றுவதற்குச் சான்று போதவில்லை' என்பதும் வெவ்வேறு என்பதை நடுவர் சொல்லாமல் விடும்போதுதான் அநீதி தொடங்குகிறது.

ஒவ்வொரு விதிக்கும் ஒரு காயம்: எதை மறுஆய்வு செய்யலாம் என்ற பட்டியல் ஆற அமர யோசித்து எழுதப்பட்டதல்ல. ஒவ்வொரு திருத்தத்துக்கும் பின்னால் ஒரு காயம் இருக்கிறது. கல்லூரி ஹாக்கியும் தொழில்முறை ஹாக்கியும் தனித்தனி விதிநூல்கள் கொண்டவை என்றாலும் இரண்டையும் வாட்டும் சிக்கல்கள் ஒன்றுதான். இந்தச் சோதனைகள் பெரிய அளவில் நடந்த களம் என்.எச்.எல். என்பதால் அதன் வரலாற்றைப் பார்க்கலாம்.

அங்கே காணொளி மறுஆய்வு 1991-92 பருவத்தில் வந்தது. 1998-99 பருவத்தில், கோல் வலைக்கு முன்னுள்ள கிரீஸ் பகுதிக்குள் தாக்கும் வீரரின் காலணி நுனி பட்டிருந்தாலும் கோல் ரத்து என்ற விதி கடுமையாக அமலானது. பல கோல்கள் அப்படிப் பறிபோயின. அந்த ஆண்டு ஜூன் 19 அன்று ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில், மூன்றாவது கூடுதல் நேரத்தில், டல்லாஸ் வீரர் பிரெட் ஹல் அடித்த கோல் கோப்பையை முடிவுசெய்தது. அவரது கால் கிரீஸுக்குள் இருந்தது. பக் அவரது கட்டுப்பாட்டில் இருந்ததால் கோல் செல்லும் என்று நிர்வாகம் விளக்கியது. ஆண்டு முழுவதும் ஒரு விதமாகப் பார்த்துப் பழகிய பஃபலோ ரசிகர்கள் இன்றுவரை அதை ஏற்கவில்லை. அடுத்த பருவத்துக்கு முன்பே அந்த விதி கைவிடப்பட்டது. காமிரா இருந்ததால்தான் மில்லிமீட்டர் கணக்கில் அந்த விதியை அமலாக்க முடிந்தது. அப்படி அமலாக்கியபோதுதான் அது ஆட்டத்துக்குப் பொருந்தாதது என்றும் தெரிந்தது.

2013 பிப்ரவரியில் கொலராடோ வீரர் மேட் டுஷேன் வெளிப்படையான ஆஃப்சைடில் இருந்து நாஷ்வில் அணிக்கு எதிராக அடித்த கோல் செல்லுபடியானது. 2015-16 பருவத்தில் ஆஃப்சைடுக்கு எதிராகப் பயிற்சியாளர்கள் மேல்முறையீடு செய்யும் உரிமை வந்தது. வந்த பிறகு நடுவர்கள், வீரரின் காலணி பனியைத் தொட்டிருந்ததா, மேலே தூக்கியிருந்ததா என்று நிமிடக்கணக்கில் ஆராய வேண்டியதாயிற்று. கடைசியில் 2020-21 பருவத்தில், காலணி தரையைத் தொடாமல் கோட்டுக்கு மேலே இருந்தாலும் போதும் என்று விதியையே மாற்றினார்கள்.

2019-இல் இரண்டு காயங்கள். ஏப்ரல் 23 அன்று ஏழாவது ஆட்டத்தில் வேகாஸ் அணி 3-0 என முன்னிலையில் இருந்தபோது, அதன் வீரர் ஒருவருக்கு ஐந்து நிமிடப் பெருந்தண்டனை விதிக்கப்பட்டது. அந்த ஐந்து நிமிடமும் எதிரணிக்கு ஓர் ஆள் கூடுதல். சான் ஹோசே அணி நான்கு கோல் அடித்து, இறுதியில் கூடுதல் நேரத்தில் 5-4 என வென்றது. தண்டனை தவறு என்று என்.எச்.எல். பின்னர் வேகாஸ் அணியிடம் மன்னிப்புக் கேட்டது. மே 15 அன்று அதே சான் ஹோசே அணி, செயின்ட் லூயிஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தைக் கூடுதல் நேரத்தில் கோல் அடித்து முடித்தது. அதற்குச் சற்று முன் அந்த அணி வீரர் ஒருவர் பக்கைக் கையால் தள்ளிச் சக வீரருக்குக் கொடுத்திருந்தார், அது விதிமீறல். ஆனால், கையால் தள்ளுவது மறுஆய்வுப் பட்டியலில் இல்லை. தொலைக்காட்சியில் உலகமே பார்த்த பிழையை நடுவர் மட்டும் பார்க்க முடியவில்லை. அடுத்த பருவத்துக்கு முன்பே இரண்டுக்கும் விதி திருத்தப்பட்டது.

விலை என்னும் கடிவாளம்: எல்லாவற்றையும் மறுஆய்வு செய்யலாமே என்று தோன்றும். இலவசமாகக் கிடைக்கும் எதுவும் தேவைக்கு மேல் நுகரப்படும் என்பது பொருளாதாரத்தின் அரிச்சுவடி. மேல்முறையீட்டுக்குச் செலவே இல்லை என்றால், தோற்கும் நிலையில் உள்ள ஒவ்வொரு பயிற்சியாளரும் ஒவ்வொரு கோலையும் எதிர்ப்பார். ஆட்டம் நீதிமன்ற வழக்குபோல் வாய்தாவில் ஓடும்.

என்.எச்.எல். செய்தது ஒரு பாடநூல் சோதனை. 2015-இல் மேல்முறையீடு தோற்றால், ஆட்டத்துக்கு ஒன்றே ஒன்றாகக் கிடைக்கும் 'டைம் அவுட்' இடைவேளையை அணி இழக்கும் என்றார்கள். அந்த விலை போதவில்லை. 2017-இல் ஆஃப்சைடு மேல்முறையீடு தோற்றால் இரண்டு நிமிடம் ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும் என்றார்கள். 2019-இல் எல்லா மேல்முறையீட்டுக்கும் அதே விலை. இரண்டாவது முறை தோற்றால் இருமடங்கு. விலை ஏறியதும், ஒரு சத விகித வாய்ப்பை நம்பிக் கேட்கும் பழக்கத்துக்குக் கடிவாளம் விழுந்தது. கல்லூரி ஹாக்கியிலும் டைம் அவுட்டைப் பணயம் வைத்தே பயிற்சியாளர் மேல்முறையீடு செய்கிறார். பணயம் வைத்துக் கேட்பவரிடம் ஏதோ காரணம் இருக்கிறது என்று நடுவர் நம்பலாம். கேட்கத் துணியாதவர் பின்னர் குறைசொல்லும் தார்மிக உரிமையையும் ஓரளவு இழக்கிறார். விலைக்குள் இத்தனை நியாயம் அடங்கியிருக்கிறது.

அளப்பதும் அளக்காததும்: இதில் ஓர் ஆபத்தும் உண்டு. பெங்ட் ஹோம்ஸ்ட்ராம், பால் மில்கிராம் என்ற இரு பொருளியலாளர்கள் 1991-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று, பல பணிகள் செய்யும் ஒருவரிடம் அளக்கக்கூடிய பணிக்கு மட்டும் ஊக்கம் கொடுத்தால் அளக்க முடியாத பணியிலிருந்து அவரது கவனம் விலகும் என்று காட்டியது. தேர்வு மதிப்பெண்ணை மட்டும் அளந்தால் கற்பித்தலுக்கு என்ன ஆகும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். நடுவர் பணியும் அப்படித்தான். காலணி கோட்டைத் தாண்டியதா என்பதை அளக்கலாம். ஒரு தள்ளல் ஆபத்தானதா, கோல்கீப்பரை இடித்தது தற்செயலா, தடியால் பிடித்து இழுத்தது தண்டனைக்கு உரியதா என்பவை தீர்மானத்தைச் சார்ந்தவை. ஒரு கோலுக்கு முந்தைய மில்லிமீட்டர் ஆஃப்சைடைத் தேடி நான்கு நிமிடம் செலவிடுகிறோம்; அதே நகர்வில் தடுப்பாட்டக்காரர் கால் இடறிவிடப்பட்டதை யாரும் கேட்பதில்லை. துல்லியம் முழுவதும் ஓர் ஓரத்தில் குவிகிறது. மற்ற இடங்கள் இருட்டாகவே கிடக்கின்றன.

சமமற்ற சான்று: கல்லூரி ஹாக்கிக்கே உரிய, அதிகம் பேசப்படாத சிக்கல் ஒன்று எஞ்சியிருக்கிறது. தேசியத் தொடருக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கப் பல ஆண்டுகளாகப் பயன்பட்டது 'பேர்வைஸ்' என்ற கணித ஒப்பீடு. பருவம் முழுவதும் நடந்த ஆட்டங்களின் முடிவுகள் அதில் சேரும். இலையுதிர் காலத்தில் சின்ன ஊர் அரங்கு ஒன்றில் நடந்த ஆட்டமும், வசந்தம் நெருங்கும் வேளையில் பெரிய அரங்கில் நடந்த ஆட்டமும் கணக்கில் ஏறும். பட்டியலின் விளிம்பில் இருக்கும் அணிக்கு, எப்போதோ ரத்தான ஒரு கோல் மார்ச் மாதத்தில் வாசலை அடைத்துவிடக்கூடும்.

ஆனால், எல்லா அரங்கிலும் ஒரே எண்ணிக்கையில் காமிரா இல்லை. தேசியத் தொலைக்காட்சி வரும் ஆட்டத்தில் பல கோணங்கள் கிடைக்கும்; உள்ளூர் ஒளிபரப்பில் விரல்விட்டு எண்ணிவிடலாம். தெளிவான சான்று வேண்டும் என்ற விதி எல்லோருக்கும் ஒன்றுதான். அந்தச் சான்றைப் பெறும் வசதி ஒன்றல்ல. விளைவாக, பணக்காரப் பல்கலைக்கழகத்தின் அரங்கில் திருத்தப்படும் அதே பிழை, ஏழைப் பல்கலைக்கழகத்தின் அரங்கில் நிலைத்துவிடுகிறது. சட்டத்தின் முன் சமம் என்பது சான்றின் முன்னும் சமமாக இருந்தால்தான் பொருள்படும். நடுவர்களின் நிலையையும் மறக்கக் கூடாது. கல்லூரி ஆட்டங்களின் நடுவர்களில் பெரும்பாலோருக்கு வாரநாளில் வேறு வேலை இருக்கிறது. பொதுவாக, கொந்தளிக்கும் அரங்கின் ஓரத்தில் நின்று, சின்னத் திரையைப் பார்த்து, தான் சற்றுமுன் சொன்ன தீர்ப்பைத் தானே சோதிக்க வேண்டியவர்களும் அவர்களே.

செய்ய வேண்டியவை: என் பார்வையில் நான்கு மாற்றங்கள் போதும். முதலாவது, பேர்வைஸ் போன்ற எந்தக் கணக்கில் ஓர் ஆட்டம் சேர்ந்தாலும், அந்த அரங்கில் இரு நீலக் கோடுகளையும் இரு கோல் கோடுகளையும் நேராகப் பார்க்கும் நிலையான காமிராக்கள் இருக்க வேண்டும். அந்தச் செலவை ஏழை அணியின் தலையில் கட்டாமல் சங்கமே பொது நிதியிலிருந்து ஏற்க வேண்டும். இரண்டாவது, மறுஆய்வுக்குக் கால வரம்பு வேண்டும். இரண்டு நிமிடத்தில் தெரியாத பிழை தெளிவான பிழை அல்ல. மூன்றாவது, கூடுதல் நேரத்தில் ஆட்டத்தை முடிக்கும் கோலுக்கு முன் நடந்த, பக் தொடர்பான எந்த விதிமீறலையும் பார்க்க நடுவருக்கு உரிமை வேண்டும்; திருத்த மறுநாள் இல்லாத இடத்தில் பட்டியல் குறுகலாக இருக்கக் கூடாது. நான்காவது மிக மலிவானது. என் கணிப்பில் மிக முக்கியமானதும் அதுவே. நடுவர் ஒலிவாங்கியில் தீர்ப்பின் காரணத்தை ஒரு வாக்கியத்தில் சொல்ல வேண்டும்; சர்ச்சைக்குரிய தீர்ப்புகளுக்கு மறுநாள் எழுத்தில் விளக்கம் வெளியிட வேண்டும்.

காரணம் சொல்லாத தீர்ப்பு சரியாகவே இருந்தாலும் சந்தேகத்தை விட்டுச்செல்லும். காரணம் சொன்ன தீர்ப்பை, கசந்தாலும், தோற்றவர் விழுங்க முடியும். வழக்கில் தோற்றவர் தீர்ப்பின் நகலை வாங்கிப் படிப்பது ஏன்? தான் சொன்னதை யாரோ காதுகொடுத்துக் கேட்டார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான்.

இப்போது ஃபார்கோவுக்கு வருவோம். மறுஆய்வு இல்லாதிருந்தால் வடக்கு டகோட்டா மாணவர்கள் முதல் கூடுதல் நேரத்திலேயே தோற்றிருப்பார்கள். அந்தக் கோல் ஆஃப்சைடு என்பதை அன்றிரவே கைப்பேசியில் பார்த்திருப்பார்கள்; வாழ்நாள் முழுவதும் பார்த்துக்கொண்டும் இருந்திருப்பார்கள். மறுஆய்வு அவர்களுக்கு வெற்றியைத் தரவில்லை. மேலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போராடி, எந்தக் கறையும் இல்லாத ஒரு கோலால் தோற்கும் வாய்ப்பைத் தந்தது. தோல்வி அதே தோல்விதான். ஆனால், யாரிடமும் முறையிடத் தேவையில்லாத தோல்வி. காணொளி மறுஆய்வுக்காகும் காமிராச் செலவையும், காத்திருக்கும் நிமிடங்களையும், அறுபடும் விறுவிறுப்பையும் ஒரு தட்டில் வைத்து, இதை மறு தட்டில் வைத்தால், தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதில் எனக்கு ஐயமில்லை.